டிசம்பர் மாதத்து வெர்னெல்

நவம்பர் 3, திங்கள்

இந்த டைரி எங்கள் பிரஸ்ஸிலேயே தைத்தது. ஜூன் மாதத்தைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டதால் கடைக்குப் போகாமல் என்னிடம் வந்து சேர்ந்தது. பத்து மாதமாகச் சும்மா கிடந்த இதை இன்று எடுத்ததற்குக் காரணம், எனக்கு இன்று மொழிபெயர்ப்பாளர் என்று ஒரு பதவி கிடைத்திருக்கிறது. பதவியில் இருப்பவர்கள் டைரி எழுதவேண்டும்.

நான் தங்கபுஷ்பம். சிவகாசி பொன்விடியல் ஆப்செட்டில் பதினான்கு வருடமாக டிசைனர். எம்.எல்.ஏ. பிறந்தநாள் போஸ்டர், முறுக்குப் பாக்கெட், கண்ணீர் அஞ்சலி, காலண்டர் எல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் மெஷினுக்குப் போகும்.

முதலாளி சுயம்புராஜன் அண்ணாச்சியின் மகள் இந்துமதி அமெரிக்காவில் ஜார்ஜியாவில் இருக்கிறாள். அவள் அடுப்படியில் நம் ஊர் மாதக் காலண்டர் தொங்குவதைப் பக்கத்து வீட்டு எர்னஸ்டீன் அம்மா பார்த்திருக்கிறார். ஓய்வுபெற்ற தபால்காரர். கறுப்பினப் பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து அங்கே ஒரு வாசகர் வட்டம் நடத்துகிறார்கள். அவர் தலைவி. கறுப்பினப் பெண்கள் எழுதியதைப் படிப்பார்கள், பிறகு தாங்களே எழுதுவார்கள், வரைவார்கள், தைப்பார்கள். இதுவரை ஒருவரும் அவர்களை அச்சில் போட்டதில்லை. அதனால் அவர்களே ஒரு காலண்டர் போடப் போகிறார்கள். மாதத்துக்கு ஒரு பெண். அவர் முகம், அவர் கலை, அவர் எழுதிய ஒரு வரி. கீழே தமிழிலும் அந்த வரி வேண்டுமாம், நம் எழுத்து பார்க்க அழகாக இருக்கிறதாம்.

"புஷ்பம், நீதான பி.ஏ. இங்கிலீஷு. தமிழ்ல நீயே போட்டுரு" என்றார் அண்ணாச்சி.

"அஞ்சல் வழியில படிச்சது அண்ணாச்சி."

"காலண்டரும் அஞ்சல் வழியாத்தாம்மா போகப்போவுது."

இருபத்தெட்டாம் தேதி பார்சல் கிளம்பவேண்டும்.

நவம்பர் 4, செவ்வாய்

பன்னிரண்டு போட்டோவும் வந்துவிட்டன. ஜனவரி எர்னஸ்டீன் அம்மா. மார்ச், பள்ளிக்கூட பஸ் ஓட்டும் கவிஞர். ஆகஸ்ட், படம் வரைகிற நர்ஸ். டிசம்பர், வெர்னெல் அம்மா. வயது எழுபத்தொன்பது. துணிக்கு அவரே சாயம் போட்டு, வெட்டி ஒட்டித் தைத்து, முகம் முகமாக உருவாக்குகிறார். ஒரு ஜமுக்காளம் முழுக்க மனிதர்கள். எல்லாரும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. ஒரு நிமிடம் தலைமுடியைச் சரிசெய்துகொண்டேன்.

போட்டோக்களுக்கு வழக்கமான வேலையெல்லாம் முடித்தேன். பதினோரு நிமிடத்தில் பன்னிரண்டு முகம். இந்த வேகம் சிவகாசியில் வேறு யாருக்கும் கிடையாது.

மாலையில் மாவு அரைக்கப் போனேன். கரண்ட் இல்லை. மாவோடு போய் அரிசியோடு திரும்பினேன் என்று எழுத வந்தேன். அரிசியோடு போய் அரிசியோடுதான் திரும்பினேன்.

நவம்பர் 6, வியாழன்

மொழிபெயர்ப்பு என்பது எளிதான வேலை என்று நினைத்தவர் யாரோ அவரை நேரில் பார்க்கவேண்டும்.

எர்னஸ்டீன் அம்மாவின் வரி: "ஊருக்கெல்லாம் கடிதம் சுமந்தேன். எனக்கு வரவேண்டியதை மட்டும் நானே எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது."

பஸ் அம்மாவின் வரி: "பின்கண்ணாடியில் நாற்பது பிள்ளைகள், முன்கண்ணாடியில் ஒரு கவிதை. இரண்டையும் எங்கும் இடிக்காமல் ஓட்டினேன்."

இதை மெஷின்மேன் காசிமாயன் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "இது எந்த ராசிக்கு?" என்று கேட்டார். இருபத்தாறு வருடமாகக் காலண்டர் அடிக்கிறவர். காலண்டரில் வரி என்று இருந்தால் அது ராசிபலன்தான். மார்ச் மாதத்துப் பலனைத் தன் பலனாக எடுத்துக்கொண்டு இன்று பைக்கை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்.

அந்தக் கட்டத்தில்தான் எனக்கு உறைத்தது. எங்கள் காலண்டர் அச்சில் நல்ல நேரம், ராகு காலம், சந்திராஷ்டமம் எல்லாம் தானாக வந்து உட்காரும். அதோடு அனுப்பலாமா என்று இந்துமதியிடம் கேட்கச் சொன்னேன். அவள் எர்னஸ்டீன் அம்மாவுக்கு விளக்கியிருக்கிறாள். ராகு காலம் என்றால் தினமும் ஒன்றரை மணிநேரம், அந்த நேரத்தில் புதிதாக எதையும் தொடங்கக்கூடாது, தொடங்காததற்கு யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று. அந்த அம்மா நாற்காலியைவிட்டு எழுந்தேவிட்டாராம். "அறுபத்தெட்டு வயசு வரைக்கும் இதை ஏன் எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல? பெரிய எழுத்துல போடச் சொல்லு!"

நவம்பர் 8, சனி

டிசம்பர் வரிதான் கடைசி. மூன்று நாள் வைத்துக்கொண்டிருந்தேன். வெர்னெல் அம்மா எழுதியது:

"அம்மாவின் நிறத்தைச் சாயத்தொட்டியில் தேடி நாற்பது துணியைப் பாழாக்கினேன். நாற்பத்தொன்றாவது துணி என்னைப் பார்த்து, சாப்பிட்டாயா என்றது."

படித்ததும் எனக்கு அம்மாவிடம் பேசவேண்டும்போல இருந்தது. போன் போட்டேன். அம்மா எடுத்ததும் சாப்பிட்டியா என்றுதான் கேட்டாள். அவள் எப்போதும் அதைத்தான் கேட்பாள். இருந்தாலும்.

மாதிரி ஃபைலை அமெரிக்காவுக்கு அனுப்பியாயிற்று.

நவம்பர் 10, திங்கள்

மாலை ஆறரைக்கு வீடியோ கால். அங்கே காலை எட்டு மணி. அண்ணாச்சி புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். எர்னஸ்டீன் அம்மா திரையில் வந்து, கைகூப்பி, சிரித்து, நீளமாக ஏதோ சொன்னார். இந்துமதி தமிழில் சொன்னாள்.

"புஷ்பக்கா, காலண்டர் ரொம்ப அழகா இருக்காம். அதுல இருக்கிற பொம்பளைங்களும் ரொம்ப அழகாம்."

"சந்தோசம்னு சொல்லும்மா."

"எங்க போட்டோவை எப்பப் போடுவீங்கன்னு கேக்குறாங்க."

அண்ணாச்சிதான் முதலில் சுதாரித்தார். "தொலைவு சாஸ்தி பாரும்மா. அமெரிக்காவுலருந்து இங்க வந்து திரும்பப் போறதுக்குள்ள கலர் கொஞ்சம் வெளுத்திருக்கும்."

"அப்பா, அது ஃபைலுப்பா. சேலை இல்ல."

"அப்ப மானிட்டர் கோளாறு" என்றார் அண்ணாச்சி.

மானிட்டராக இருக்கலாம் என்று நானும் சொன்னேன்.

நவம்பர் 11, செவ்வாய்

மானிட்டர் பார்க்க ஆள் வந்தார். மானிட்டரில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போதெல்லாம் யாருக்கும் தொழில் தெரிவதில்லை.

நவம்பர் 12, புதன்

வெர்னெல் அம்மா விலகிக்கொண்டார்.

இந்துமதி குரல் பதிவில் சொன்னது: அந்த அம்மாவுக்கும் கேமராவுக்கும் எழுபது வருடமாக ஆகாது. பள்ளிக்கூட வகுப்புப் படத்தில் அவர் நின்ற இடத்தில் பல்லும் வெள்ளைக் காலுறையும் மட்டும்தான் விழுந்திருந்தன. கல்யாணப் படத்தில் புருஷன் பக்கத்தில் ஒரு முக்காடு தெரியும், முக்காட்டுக்குள் யார் என்று தெரியாது. அந்தக் காலத்து ஃபிலிம் வெள்ளைத் தோலுக்கு என்று செய்தது என்று அவருக்குப் பிறகு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் மனது விட்டுப்போயிற்று. முகம் வேண்டுமென்றால் துணியில் தைத்துக்கொள்கிறேன் என்று ஆரம்பித்ததுதான் அந்த ஜமுக்காளமெல்லாம். இந்தக் காலண்டருக்கு எர்னஸ்டீன் அம்மா ஒரு மாதம் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தாராம்.

"ஒண்ணு கரியாக்குறாங்க, இல்லன்னா சுண்ணாம்பாக்குறாங்க. எல்லாக் கேமராவுக்குமா கோளாறு இருக்கும்? என் மூஞ்சியிலதான் ஏதோ இருக்கு. டிசம்பர்ல துணியை மட்டும் போடுங்க, என் முகம் வேண்டாம்" என்றாராம்.

கேட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். டீ நன்றாக இல்லை. இரண்டாவது டீயும் நன்றாக இல்லை.

வந்து, ஈமெயிலிலிருந்து பன்னிரண்டு ஒரிஜினல் போட்டோவையும் மறுபடி இறக்கி, எதையும் தொடாமல் அப்படியே வைத்தேன். மானிட்டர் சரியாகிவிட்டது என்று அண்ணாச்சியிடம் சொன்னேன்.

நவம்பர் 14, வெள்ளி

இன்று எனக்கு வந்த கோபம் இந்தப் பக்கம் தாங்காது.

ஒரிஜினல் போட்டோவை வைத்து டிசம்பர் தாளை மட்டும் சோதனைக்கு மெஷினில் ஓட்டச் சொன்னேன். நல்லபடியாக வந்தால் வெர்னெல் அம்மாவைத் திரும்பக் கூப்பிடலாம் என்று கணக்கு. தாள் வந்தது. வெர்னெல் அம்மா கோதுமை நிறத்தில் சிரித்தார்.

"காசிமாயண்ணே, என்ன இது?"

"மொகம் ரொம்ப இருட்டா இருந்துச்சும்மா. பாவம், தூரதேசத்து அம்மா. கறுப்பு மையைக் கொஞ்சம் கொறைச்சு விட்டேன்."

"கொஞ்சமா? இது கொஞ்சமா?"

அவர் தலையைச் சொறிந்தார். "நான் ஒரு சுத்துதான் கொறைச்சேன். அண்ணாச்சி வந்து, விருந்தாளிக படம், பாத்துக் கொறைன்னாக. அதுக்கு ஒரு சுத்து."

அண்ணாச்சி அறைக்குள் போனேன். பதினான்கு வருடத்தில் முதல்முறையாகக் கதவைத் தட்டாமல் போனேன். கறுப்பாக இருக்கிறவர்களைக் கறுப்பாக அச்சடிக்க இந்த ஊரில் ஒரு மனிதன் இல்லையா, கறுப்பு என்றால் உங்களுக்கெல்லாம் என்ன, கொள்ளை நோயா, அந்த அம்மா எழுபது வருடமாகத் தன் முகத்தைப் பார்க்கவில்லை, அது தெரியுமா என்று கத்தினேன். பைண்டிங் பெண்கள் எல்லாம் ஊசியோடு வந்து நின்று பார்த்தார்கள்.

அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தப்புதாம்மா" என்றார். அதற்குப் பிறகு, ரொம்ப மெதுவாக, "மொத ஃபைலு எப்படிம்மா வெளுத்துச்சு?" என்று கேட்டார்.

அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 15, சனி

எழுதிவிடுகிறேன். ஜூன் மாதத்துப் பக்கத்தில் எழுதினால் தலைகீழாக இருக்கும், யார் கண்ணிலும் படாது என்று யோசித்தேன். பிறகு அது கோழைத்தனம் என்று பட்டது.

என் கம்ப்யூட்டரில் எஃப் ஐந்து பொத்தானை அழுத்தினால் எந்த முகமும் இரண்டு கலர் கூடிவிடும். அந்த வேலையை நான்தான் உருவாக்கினேன். அதற்குப் 'பளிச்' என்று பெயர் வைத்திருக்கிறேன். எம்.எல்.ஏ.வுக்குப் பளிச், மணப்பெண்ணுக்குப் பளிச், செத்துப்போனவருக்கும் பளிச். ஒரு வருடம் பத்ரகாளியே மாநிறமாக வந்தாள். கோயில்காரர்கள், அம்மன் இந்த வருசம் சாந்தமா இருக்கா என்று சந்தோஷப்பட்டார்கள். போட்டோ என்று ஒன்று திறந்தால் என் விரல் என்னைக் கேட்காது, தானே போகும். நவம்பர் நாலாம் தேதியும் அது தானே போயிற்று. பன்னிரண்டு தடவை.

பளிச்சை முதன்முதலில் எந்த முகத்துக்குச் செய்தேன் என்று யாரும் கேட்டதில்லை.

பதினோரு வருடத்துக்கு முன்னால் என் போட்டோ ஒன்று தேவைப்பட்டது. தரகர் இரண்டு தடவை கொண்டுபோய் இரண்டு தடவையும் திருப்பிக் கொண்டுவந்தார். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து வேலை செய்தேன். அருமையாக வந்தது. ராஜபாளையத்திலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்தார்கள். நான் காபித் தட்டோடு வந்து நின்றேன். அந்த அம்மாள் டம்ளரை எடுத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரித்து, "பொண்ணை வரச்சொல்லும்மா" என்றார்.

எங்க போட்டோவை எப்பப் போடுவீங்க என்று எர்னஸ்டீன் அம்மா கேட்டபோது எனக்கு அந்தக் காபித் தட்டுதான் ஞாபகம் வந்தது. மானிட்டர் மேல் பழி போட்டதும் அதனால்தான். வெர்னெல் அம்மா தன் முகத்தின்மேல் பழி போட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கு உண்மையைச் சொல்லவேண்டும். அவமானமாக இருக்கிறது.

மாவு அரைத்தாயிற்று.

நவம்பர் 17, திங்கள்

காலையிலிருந்து இங்கிலீஷில் ஒரு வாக்கியம் தயார் செய்தேன். பி.ஏ. படித்தவள், இதையாவது சொந்தமாகச் சொல்லவேண்டும் என்று வீம்பு. ஆறரைக்கு இந்துமதி வெர்னெல் அம்மா வீட்டுக்கே போய்க் கால் போட்டாள். எர்னஸ்டீன் அம்மாவும் இருந்தார். வெர்னெல் அம்மா திரையில் பாதிதான் தெரிந்தார், காதும் கம்மலும். கேமராவுக்கு நேராக உட்காரமாட்டாராம்.

எழுந்து நின்று சொன்னேன். "மேடம். நாட் யுவர் ஃபேஸ். நாட் கேமரா. மை ஃபிங்கர்."

அதற்கு மேல் இங்கிலீஷ் வரவில்லை. எஃப் ஐந்து, பளிச், காபித் தட்டு, எல்லாவற்றையும் தமிழில் கொட்டினேன். இந்துமதி ஒவ்வொன்றாக இங்கிலீஷில் சொன்னாள். அண்ணாச்சி எனக்குப் பின்னால் நின்று, "நானும் ஒரு சுத்து கொறைச்சேன்னு சொல்லும்மா" என்றார்.

கம்மல் ஆடியது. இந்துமதி சொன்னாள்: "புஷ்பக்கா, எந்த விரலுன்னு கேக்குறாங்க. காட்டணுமாம்."

ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினேன்.

வெர்னெல் அம்மா முகத்தைத் திருப்பி, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, முதல்முறையாக முழுசாகத் திரைக்குள் வந்தார். பார்த்தார். எர்னஸ்டீன் அம்மாவும் தலையை நுழைத்துப் பார்த்தார். இருவரும் என்னவோ பேசிக்கொண்டார்கள்.

"அக்கா, அந்த விரலும் வெளுத்துத்தான் தெரியுதாம்."

என் போனில் முகத்தை அழகாக்கும் ஃபில்டர் எப்போதும் போட்டே இருக்கும். அது விரலையும் விட்டுவைக்கவில்லை. அவசரமாக அதை அணைத்தேன். திரையில் நான் அப்படியே வந்தேன், மூக்கில் எண்ணெயோடு.

வெர்னெல் அம்மா என்னைப் பார்த்துவிட்டுத் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார். பிறகு வந்ததே வசவு. ஐந்து நிமிடம். இந்துமதி மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள். "உங்களுக்குப் புரிஞ்சிருக்குமேக்கா" என்றாள். புரிந்தது.

கடைசியில் சொன்னார்: "எழுபது வருஷமா என் மூஞ்சியைக் குறை சொல்லிக்கிட்டுக் கெடந்தேன். உன் விரலைத் திட்டுறது எவ்வளவோ நிம்மதியா இருக்கு. என் கலர் எதுன்னு துணியில அனுப்புறேன். அதைப் பார்த்து அடி. அதே கலர் வந்தா என் படத்தைப் போடு. இல்லன்னா வேண்டாம். இதுக்கு மேல நான் கெஞ்ச மாட்டேன், நீங்களும் கெஞ்சாதீங்க."

நவம்பர் 19, புதன்

துணி வரவில்லை. அண்ணாச்சி கூரியர் ஆபீஸுக்கு நான்கு தடவை போன் செய்தார். எஃப் ஐந்து பொத்தானை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்துவிட்டேன். கூடவே எஃப் நாலும் வந்துவிட்டது.

நவம்பர் 24, திங்கள்

வந்துவிட்டது. உள்ளங்கை அகலத்தில் ஒரு துணி. கூட ஒரு சீட்டு: "நாற்பத்தொன்றாவது. அம்மா கலர், என் கலர். பத்திரம்."

நல்ல பழுப்பு. வெயிலில் ஒரு மாதிரி, நிழலில் ஒரு மாதிரி. உள்ளே ஒரு சிவப்பு ஓடுகிறது. பிரித்ததும் ஏன் என்று தெரியாமல் என் கைமேல் வைத்துப் பார்த்தேன்.

வெர்னெல் அம்மா என்னைவிடக் கலர்.

நம்பமுடியாமல் வெளியே வெயிலில் போய் வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, என்னைவிட ஒரு பங்கு கலர் கூட. அதைக் காசிமாயன் அண்ணனிடம் சொன்னேன். அவர் கையை நீட்டினார். அவரும் துணியைவிட ஒரு பங்கு கறுப்பு. பைண்டிங் பெண்கள் வரிசையில் நின்று கை நீட்டினார்கள். துணியைவிட வெளுப்பு ஒருத்தி, துணிக்குச் சரிசமமாக மூன்று பேர். அவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். சத்தம் கேட்டு வந்த அண்ணாச்சி புதுச் சட்டையின் கையை மடித்துவிட்டு நீட்டினார். மொத்த பிரஸ்ஸிலும் அண்ணாச்சிதான் ஜெயித்தார். துணியைப் பக்கத்தில் வைத்தால் துணி வெள்ளைக்காரி.

"இவ்வளவு பேரு இருந்துமாம்மா அந்த அம்மாவுக்குக் கறுப்பைக் கொறைச்சோம்?" என்றார்.

நவம்பர் 26, புதன்

நேற்றும் இன்றும் மெஷின் பக்கத்திலேயே நின்றேன். காசிமாயன் அண்ணன் முதலில் கறுப்பு மையைக் கூட்டினார். முகம் சாம்பலாகிப் போயிற்று. கூட்டினால் சாம்பல், குறைத்தால் கோதுமை. துணியைத் தாள்மேல் வைத்து வைத்துப் பார்த்தோம். மத்தியானம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. கறுப்பை அதன் இடத்தில் விட்டுவிட்டு, மஞ்சளையும் சிவப்பையும் தைரியமாகத் திறந்தார்.

"இருவத்தாறு வருசமா மொகம்னா வெளுக்கத்தான் செஞ்சிருக்கேன். இப்படி மை போட்டதே இல்ல" என்றார். அவர் குரலே மாறியிருந்தது.

நாற்பதாவது தாளா, நாற்பத்தொன்றாவது தாளா என்று எண்ணவில்லை. எண்ணியிருந்தால் கதை மாதிரி இருந்திருக்கும். ஒரு தாள் வந்தது. துணியை அந்தக் கன்னத்தில் வைத்தேன். துணியைக் காணவில்லை. விரலால் தடவித்தான் கண்டுபிடித்தேன்.

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். மெஷின் ஓடும் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. காசிமாயன் அண்ணன் மட்டும், தாளில் சொட்டிவிடப் போகிறது, தள்ளி நின்று அழு என்றார்.

நவம்பர் 28, வெள்ளி

மீதிப் பதினோரு மாதத்தையும் அதே முறையில் அடித்து முடித்தோம். பார்சல் கிளம்பியது. ராகு காலம் முடியும்வரை அண்ணாச்சி வண்டியை வாசலில் நிறுத்தி வைத்திருந்தார்.

டிசம்பர் 3, புதன்

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு ஒருவர் வந்தார். அப்பா தவறிவிட்டார். போட்டோவை அப்படியே வைத்துக் காட்டினேன். அவர் திரையைத் தொட்டு, "எங்கப்பாவை நேருல பாக்குற மாதிரியே இருக்கும்மா" என்று விம்மிவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் பளிச்னு பண்ணிருங்க" என்றார்.

பொத்தான் இல்லை என்றேன். கீபோர்டை எடுத்துக் காட்டினேன். ஓட்டையைப் பார்த்துவிட்டு, சரி, அப்படியே அடிங்க என்றார்.

டிசம்பர் 11, வியாழன்

கால் வந்தது. பார்சல் சேர்ந்துவிட்டது. எர்னஸ்டீன் அம்மா முகத்தில் சந்தோஷமும் எரிச்சலும் சேர்ந்து இருந்தன.

"என்ன அநியாயம் பாருங்கன்னு சொல்றாங்க" என்றாள் இந்துமதி. "வெர்னெல் அம்மா காலண்டரைக் கையில வாங்கின உடனே ஜனவரியிலருந்து நவம்பர் வரைக்கும் கிழிச்சுட்டாங்களாம்."

"ஐயோ! பிடிக்கலையா?" என்று நான் எழுந்துவிட்டேன்.

போன் திரும்பியது. வெர்னெல் அம்மா வீட்டு முன்னறைச் சுவர். ஆணியில் டிசம்பர் மட்டும் தொங்கியது. அதுவும் அடுத்த வருடத்து டிசம்பர். கீழே தரையில் கிழிந்த தாள்களில் பதினோரு பெண்கள் கிடந்தார்கள், அவர்களுக்கு நடுவில் ஜனவரித் தாளில் எர்னஸ்டீன் அம்மா. வெர்னெல் அம்மா தாளின் பக்கத்தில் போய் நின்று, முகத்தை அதன் முகத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு கேமராவை நேராகப் பார்த்தார். இந்த மூஞ்சியும் அந்த மூஞ்சியும் ஒன்று.

"நான்தான்" என்றார். இந்துமதி தமிழில் சொல்வதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. "எழுபத்தொன்பது வருஷமா இவளுக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன். இன்னும் பதினோரு மாசம் எதுக்குக் காத்திருக்கணும்?"

அண்ணாச்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அந்த அம்மாவுக்கு இன்னொரு காலண்டர் அனுப்பு, இதில் தேதி பார்க்க முடியாது என்றார்.

ஜனவரி 1, வியாழன்

புது டைரி வரவில்லை. ஜூன் தலைகீழான இதிலேயே, கடைசியில் மிச்சமிருக்கும் வெற்றுப் பக்கத்தில் எழுதுகிறேன்.

ஆபீஸ் முன்சுவரில் அமெரிக்கக் காலண்டரின் மாதிரி ஒன்றை மாட்டினேன். ஜனவரிதான் தெரியவேண்டும். என்னால் முடியவில்லை, பதினோரு தாளையும் பின்னால் மடித்துவிட்டு டிசம்பரை வைத்தேன். எர்னஸ்டீன் அம்மா தெரிந்தால் கொன்றுவிடுவார்.

காலையில் திருத்தங்கல்லிலிருந்து வளைகாப்புப் பத்திரிகைக்கு ஓர் அம்மாள் வந்தார். உட்கார்ந்து காபி குடித்தபடி சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

"யாரும்மா படத்துல? ஒங்க பெரியம்மாவா? அப்படியே ஒங்க ஜாடை."

அண்ணாச்சி அறையில் பேனா கீழே விழுந்த சத்தம் கேட்டது. அவர் சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. நான் சுவர்ப்பக்கம் போய், தாள் கொஞ்சம் கோணலாக இருந்ததை நேராக்கினேன்.

"ஆமாங்க. பெரியம்மாதான்" என்றேன். "அமெரிக்காவுல இருக்காக. என்னைவிடக் கொஞ்சம் கலர்."